ஓடி வருபவர்களின் மனமும் ஊரின் பொறுப்பே

திருச்செங்கோட்டில் சங்ககிரி சாலையிலோ ஈரோடு சாலையிலோ நள்ளிரவில் விபத்து என்றால் நாம் 108-ஐ அழைக்கிறோம். ஆம்புலன்ஸ் வருகிறது, காவலர் வருகிறார், நொறுங்கிய வண்டிக்குள் சிக்கியவரை வெளியே எடுக்கத் தீயணைப்பு நிலையத்தார் வருகிறார்கள். அடிபட்டவர் பிழைத்தாரா என்று மறுநாள் ஊரே விசாரிக்கிறது. அவரைத் தூக்கியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பவர் குறைவு. அந்த விசாரிப்பும் ஊர் வழக்கமாக வேண்டும்.

ஓடி வருபவர்களின் மனநலம் திருச்செங்கோட்டுக்கு அயலார் பிரச்சினை அன்று. 2015 செப்டம்பர் 18 அன்று, இங்கே டி.எஸ்.பி.யாக இருந்த இளம் அதிகாரி விஷ்ணுபிரியா முகாம் அலுவலகத்தில் உயிரிழந்தார். காரணம் குறித்துப் பல கருத்துகள் எழுந்தன, விசாரணை சி.பி.ஐ. வரை சென்றது. அதில் தீர்ப்புச் சொல்ல நமக்கு இடமில்லை. 2023 ஜூலையில் கோவை சரக டி.ஐ.ஜி. விஜயகுமாரும் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்ததாக உயரதிகாரிகள் அப்போது தெரிவித்தனர். இத்தகைய மரணங்களுக்கு ஒற்றைக் காரணம் தேடுவது சரியாகாது. ஆனால், சீருடைக்குள் இருப்பவரும் தளர்ந்துபோகலாம் என்பதை இனியும் நாம் மறுக்க முடியாது.

தளர்ச்சி எல்லாம் பெரிய சம்பவங்களால் மட்டும் வருவதில்லை. கண்ட காட்சி, கெட்ட தூக்கம், காப்பாற்ற முடியாமல் போன உயிர் என்று சிறிது சிறிதாகச் சேர்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக மூன்று நாட்களுக்கும் மேலாகப் போராட்டம் நடந்தது. தீயணைப்பு வீரர்களும் பேரிடர் மீட்புப் படையினரும் துளையிடும் ரிக் வண்டிகளை இயக்கியவர்களும் இரவு பகலாக நின்றார்கள். குழந்தை உயிரோடு கிடைக்கவில்லை. நாம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டோம். அங்கே நின்றவர்களோ அடுத்த அழைப்புக்குப் போக வேண்டியிருந்தது. பல நூறு அடி துளைத்துவிட்டு வரும் ரிக் வண்டியைப் பட்டறையில் நிறுத்திப் பார்க்காமல் அடுத்த வேலைக்கு அனுப்ப நம் ஊரில் எந்த உரிமையாளரும் துணிய மாட்டார். மனிதருக்கும் அந்த அக்கறை தேவை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பது நியாயமான பேச்சாகாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துடன் இணைந்து 2018-இல் காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கப்பட்டது; அதில் குடும்பத்தினருக்கும் இடம் உண்டு. சென்னை மாநகரக் காவல்துறை தன் காவலர்களுக்காக 'மகிழ்ச்சி' என்ற மனநலத் திட்டத்தைக் கொண்டுவந்தது. காவலர்களுக்கு வார ஓய்வு தரும் அரசாணை 2021 நவம்பரில் வெளியானது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கிறது.

ஆனாலும் களத்தில் இருப்பவர்களின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் பதவி உயர்வு தடைபடுமோ, சக ஊழியர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்களோ என்ற அச்சம் இருக்கிறது. 12 மணி நேரப் பணியை 8 மணி நேரமாக்க வேண்டும் என்பது 108 ஊழியர்களின் நெடுநாள் கோரிக்கை. தூங்க நேரமில்லாதவருக்கு ஆலோசனை வகுப்பு இன்னொரு பணியாகவே படும்.

நிர்வாகத்தின் பக்கமும் எளிதன்று. இருக்கும் ஆட்களை வைத்து 24 மணி நேரமும் சேவை தர வேண்டும். வைகாசி விசாகத் தேர்த் திருவிழா வந்தால் பந்தோபஸ்துக்கு ஆள் போதாது. ஆயுதம் ஏந்துபவரின் உடல்நிலையும் மனநிலையும் அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் பொதுப் பாதுகாப்பு சார்ந்த வாதமே. காவல் நிலையத்தில் கடுஞ்சொல் கேட்டுத் திரும்பிய குடிமகன், "எங்கள் மனத்தை யார் பார்த்தார்கள்?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கும் மதிப்பு உண்டு. அத்துமீறலுக்கு மன அழுத்தம் சாக்காகிவிடக் கூடாது. அதே வேளையில், ஓய்வும் ஆதரவும் பெற்ற காவலரிடம் நிதானத்தை எதிர்பார்க்க நமக்குக் கூடுதல் உரிமை கிடைக்கிறது. இரு தரப்பின் நலனும் சந்திக்கும் இடம் இதுதான்.

ஆகவே நடுவழி ஒன்றை யோசிக்கலாம். சிகிச்சைக்குச் செல்வது ரகசியமாக இருக்கட்டும். மனநலச் சிகிச்சை விவரங்களைக் காக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதும்போது மட்டும், தேவையான அளவு தகவல் பகிரப்படலாம். கோரமான சம்பவத்துக்குப் பின் எல்லோரையும் கட்டாயமாக உட்கார வைத்துப் பேச வைப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. உடனிருந்து கேட்பது, உடனடித் தேவையைக் கவனிப்பது, வேண்டியவரை மருத்துவரிடம் சேர்ப்பது என்ற உளவியல் முதலுதவியையே அது முன்வைக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் ஓரிருவர் இதில் பயிற்சி பெறுவது இயலாத காரியமன்று. வார ஓய்வு ஏட்டில் இருப்பதுபோலப் பணிப் பட்டியலிலும் இருக்க வேண்டும். காவல்துறையில் தொடங்கிய திட்டங்கள் 108 ஊழியருக்கும் தீயணைப்பு வீரருக்கும் விரிய வேண்டும்.

ஊரின் பங்கும் உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது, விபத்து இடத்தில் கூட்டம் போட்டுப் படம் எடுக்காமல் விலகி நிற்பது, தாமதமானால் ஓட்டுநரிடம் கை ஓங்காமல் இருப்பது ஆகியவை பைசா செலவில்லாத உதவிகள். குடும்பத்தின் ஒப்புதலோடு, பிழைத்தவர் நலமாக வீடு திரும்பிய செய்தியை அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு மருத்துவமனைகள் சொல்லி அனுப்பலாம். முதலில் வண்டியை நிறுத்தி உதவும் லாரி, ரிக் ஓட்டுநர்களையும் நாம் மறக்கக் கூடாது. ஓட்டுநர் கூடும் இடங்களிலும் விசைத்தறிக் கூடங்களிலும் 14416 என்ற எண் எழுதப்பட்டிருக்கட்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் தீத்தொண்டு வாரம் வருகிறது. அந்த வாரத்தில் நகராட்சி, அரசு மருத்துவமனை, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள், காவல், தீயணைப்பு, 108 ஊழியர்கள், ரிக் மற்றும் லாரி உரிமையாளர் சங்கங்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரலாம். குறை சொல்ல அல்ல, யார் எதைச் செய்வது என்று பிரித்துக்கொள்ள. ஆறு மாதம் கழித்து மறுபடி கூடி, செய்தது எது, விட்டது எது என்று பார்க்கலாம். இந்தியா முழுவதும் வண்டி அனுப்பித் தொழில் செய்யும் ஊருக்கு, தனக்காக ஓடி வருபவர்களைக் கவனிக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளவும் திறமை உண்டு.