பட்டியலில் பேராசிரியர்! வகுப்பறையில் யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பாலை வாயிலில் நிற்கும் தோழரைக் கேளுங்கள், ஒரே ஷிப்டில் இரண்டு ஆலைகளில் வருகைப் பதிவு போட முடியுமா என்று. சிரிப்பார். பத்து நிமிடம் பிந்தினால் கூலியில் கை வைக்கும் உலகம் அது. உடல் ஒன்று, உழைப்பு ஒன்று, பதிவேட்டில் பெயரும் ஒன்று. இதுதான் பாட்டாளிக்கு விதிக்கப்பட்ட நீதி.

ஆனால் அந்தத் தோழர் ஓவர்டைம் பார்த்து, வட்டிக்கு வாங்கி, மகனைப் பொறியியல் படிக்க அனுப்புகிறாரே, அங்கே என்ன நீதி?

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக் கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியாற்றுவதாகக் காட்டப்பட்டிருந்தார்கள். ஒருவர் பெயர் பதினொரு கல்லூரிகளில்! பதினொரு கரும்பலகை, ஒரே கை! புராணத்தில் பத்துத் தலை படித்தோம். பல்கலைக் கழகத்தில் பதினொரு உடல் கண்டோம்!

அவதூறு என்று தள்ளிவிட முடிந்ததா? இல்லை. அன்றைய துணைவேந்தர் வேல்ராஜ் அவர்களே ஒப்புக்கொண்டார்: 189 பேர், ஏறத்தாழ 2000 இடங்களில் இருப்பதாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று. விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது.

ஏன் இந்த மாயம்? கணக்கு எளிது. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. நானூறு பேர் படித்தால் இருபது ஆசிரியர். அந்த இருபதைக் காட்டினால்தான் இணைப்பு கிடைக்கும். இணைப்பு கிடைத்தால்தான் மாணவர் சேர்க்கை, சேர்க்கை நடந்தால்தான் கட்டணம். இருபது பேருக்குச் சம்பளம் கொடுப்பதைவிட இருபது பெயரைத் தாளில் எழுதுவது மலிவு அல்லவா? எழுதிவிட்டார்கள்!

எழுதியவன் குற்றவாளி. ஏற்றுக்கொண்டு கையொப்பமிட்டவன் யார்? ஆய்வுக்குப் போனவர்கள் ஆள் எண்ணினார்களா, தாளை எண்ணினார்களா?

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பிறர் எழுத்தைத் தம் ஆய்வேட்டில் திருடினால் என்ன தண்டனை? அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தால் பதிவே ரத்து என்கிறது பல்கலைக் கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதி. நல்லது. வரியைத் திருடினால் தண்டனை உண்டு. வகுப்பையே திருடினால்? ஏட்டில் களவு கண்டுபிடிக்கக் கருவி வைத்திருக்கும் கல்விக் கோட்டை, தன் பதிவேட்டில் நடந்த களவைக் காண வெளியிலிருந்து ஓர் இயக்கம் வரவேண்டியிருந்ததே! அது வெட்கமல்லவா?

இதைக் காட்டி மாற்றார் ஒரு பழைய பல்லவியைப் பாடுவார்கள். "எல்லாருக்கும் படிப்பு என்றீர்கள், இட ஒதுக்கீடு என்றீர்கள், தரம் போயிற்று பாருங்கள்" என்பார்கள். பதில் சொல்லுங்கள், தோழர்களே! பொய்ப் பட்டியலை எழுதியவன் ஒதுக்கீட்டில் வந்த ஏழை மாணவனா? அவன் ஏமாற்றப்பட்டவன்! 2006-இல் நுழைவுத் தேர்வை ஒழிக்கச் சட்டம் செய்தோம். 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை கொடுத்தோம். 2021-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கினோம். கதவைத் திறந்தது நாம். திறந்த கதவுக்குள் ஆசிரியர் இல்லை என்றால், கதவைத் திறந்ததற்கு என்ன பொருள்?

இன்னொரு உண்மையையும் நமக்குள் பேசுவோம். 2017-இல் நடந்த பருவத் தேர்வின் மறுமதிப்பீட்டில் காசுக்கு மதிப்பெண் போட்டதாக 2018-இல் இதே பல்கலைக் கழகத்தினர் மீது லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. அது அ.தி.மு.க. ஆட்சிக் காலம். மேடை போட்டு முழங்கினோம், முழங்கியது சரி. 2024-இல் கோட்டையில் இருந்தது கழக ஆட்சி. அன்று கேட்ட கேள்வியை இன்று விழுங்கலாமா? வேந்தர் நாற்காலியில் ஆளுநர், துணைவேந்தர் நியமனத்தில் தகராறு, அதனால் மாதக் கணக்கில் நாற்காலி காலி. எல்லாம் மெய். மாநில உரிமைக்கான அந்தப் போர் நியாயமானது. ஆயினும் வகுப்பறையில் காத்திருக்கும் பிள்ளைக்கு அது சமாதானம் ஆகாது.

என்ன செய்யவேண்டும்? தொழிலாளியை அளக்கும் கோலாலேயே கல்வி முதலாளியையும் அளக்க வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி எண் ஒன்றுதானே? ஒவ்வோர் ஆசிரியர் பெயரையும் அந்தக் கணக்கோடும், வங்கியில் ஏறும் சம்பளத்தோடும் ஒப்பிடட்டும். சம்பளம் ஏறாத பெயர் பொய்ப் பெயர். பட்டியலைப் படத்தோடு கல்லூரி வாயிலில் ஒட்டட்டும். மாணவரே சாட்சி சொல்வார்கள். பொய் எழுதிய நிர்வாகத்துக்கும், கண்மூடிக் கையெழுத்திட்ட அதிகாரிக்கும் ஒரே தராசில் தண்டனை தரட்டும்.

திருவள்ளூர் மாவட்டத்துத் தோழர்களே! மகனை, மகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பேருந்து எத்தனை என்று எண்ணாதீர்கள். "பாடம் நடத்துபவர் யார்? தினமும் வருகிறாரா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

1978-இல் அந்தப் பல்கலைக் கழகத்துக்கு அண்ணாவின் பெயரைச் சூட்டினார்கள். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று நமக்குக் கற்பித்தவரின் பெயர் அது. அந்தப் பெயருக்குக் கீழே ஒரு பொய்ப் பெயர்கூட இருக்கக் கூடாது!