மானியமும் வாலிபர் கூட்டுறவும்

நமது சங்கங்களின் பொதுக்கூட்டங்களில் மானியம் என்ற சொல் எழும்போதெல்லாம் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் கூடவே எழுவதை நாம் கண்டிருக்கிறோம். வருகிற பணத்தை ஏன் விட வேண்டும் என்பது ஒன்று. சர்க்கார் பணத்தில் நடக்கும் காரியம் சர்க்கார் கையை மடக்கிய அன்றே நின்றுவிடும் என்பது மற்றொன்று. அண்மையில் இதே விவாதம் புதியதொரு விஷயத்தைப் பற்றி எழுந்தது. பல நாட்டு வாலிபர்கள் ஒன்றுகூடிப் பழகுவதற்கும், சேர்ந்து ஒரு வேலையைச் செய்வதற்கும் ஐரோப்பிய சர்க்கார்கள் ஆண்டுதோறும் பெருந்தொகைகளை மானியமாக வழங்கி வருகின்றனவே, தறிகள் பல நின்று கிடக்கும் காலத்தில் வாலிபர்களின் பிரயாணத்துக்குப் பொதுப்பணமா, இது நியாயந்தானா என்று அங்கத்தினர் சிலர் நம்மைக் கேட்டார்கள். நியாயமே என்பது நமது விடை. ஆயினும் அப்பணம் எவ்வாறு திரட்டப்படுகிறது, யார் கையால் பங்கிடப்படுகிறது, எந்தத் தேதியில் வந்து சேருகிறது என்ற விவரங்களைப் பாராமல் விடையை முழுமையாகச் சொல்ல இயலாது.

பிரான்ஸ் தேசத்தின் கிழக்கு எல்லையில் ஆல்ஸேஸ் என்றொரு பிரதேசம் உண்டு. அதிலுள்ள மூலூஸ் நகரத்தின் பெயரை நெசவாளராகிய நாம் அறிந்திருப்பது தகும். 1746-ஆம் ஆண்டில் அங்கே பருத்தித் துணியில் அச்சிடும் தொழில் தொடங்கிற்று. அத்துணிகளுக்கு அவ்வூரார் வழங்கிய பெயரின் பொருள் ‘இந்தியத் துணி’ என்பதே. சோழமண்டலக் கரை முதலிய இடங்களிலிருந்து கப்பலேறிச் சென்ற சாயத்துணிகளைப் பார்த்து, அவைபோல் செய்யக் கற்றுக்கொண்ட ஊர் அது. இத்தகைய தொழில் நகரம் 1871-இல் ஜெர்மனிக்குப் போயிற்று. 1918-இல் பிரான்சுக்குத் திரும்பியது. 1940-இல் மீண்டும் ஜெர்மனி. யுத்த முடிவில் மீண்டும் பிரான்ஸ். 1865-இல் அங்கே பிறந்து எண்பது வயது வரை ஒரே வீட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி இருந்திருப்பாளாயின், வாசற்படி தாண்டாமலே நான்கு முறை தேசம் மாறியிருப்பாள். அவளுடைய பேரப்பிள்ளைகள் எதிர்க்கரைப் பிள்ளைகளை என்னவென்று எண்ணி வளர்ந்திருப்பார்கள் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இந்தப் பகைக்குப் பின்னர்தான் நாம் சொல்ல வந்த பரீட்சை நடந்தது. 1962 செப்டம்பரில் பிரெஞ்சுத் தலைவர் டி கால் ஜெர்மனியின் லுட்விக்ஸ்புர்க் நகரத்தில் அந்நாட்டு வாலிபர்களிடையே அவர்கள் மொழியிலேயே பேசினார். 1963 ஜனவரி 22-ஆம் தேதி அவரும் ஜெர்மன் பிரதமர் அடனாவரும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அதே ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி பிரெஞ்சு–ஜெர்மன் வாலிபர் அலுவலகம் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. யுத்தம் முடிந்து பதினெட்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. இதுவரை 95 லட்சத்துக்கு மேற்பட்ட வாலிபர்கள் இந்த ஏற்பாட்டின் கீழ் எல்லை தாண்டிப் பழகியிருக்கிறார்கள்.

அந்த எண்ணைவிட நமது கவனத்தைக் கவருவது அதன் கணக்குமுறை. இரு சர்க்கார்களும் சம அளவில் பணம் போடுகின்றன. வென்றவன் கொடுக்க, தோற்றவன் பெறுவது என்றோ, பணக்காரன் கொடுக்க, ஏழை கும்பிட்டு வாங்குவது என்றோ அங்கே பேச்சில்லை. அடுத்து, ஒரு தரப்பு மட்டும் திட்டம் போட்டு மறுதரப்பை அழைத்துக்கொள்வதும் இல்லை. இரு நாட்டுச் சங்கங்களும் முன்கூட்டிக் கலந்து நிகழ்ச்சிகளை வகுக்க வேண்டும். ஒரு முறை இவர்கள் போனால் மறுமுறை அவர்கள் வர வேண்டும். தங்கும் காலம் பொதுவாக நான்கு நாள் முதல் இருபத்தொரு நாள் வரை. பிரயாணப் பணம் தூரத்தைப் பொறுத்தது. மானியம் செலவு முழுவதையும் தாங்குவதில்லை. மீதியை அந்தந்தச் சங்கமும், ஊராரும், செல்கிற வாலிபரின் குடும்பமும் சேர்ந்து போட வேண்டும். பங்குத்தொகை கட்டாதவனுக்குச் சங்கத்தில் என்ன அக்கறை என்று கேட்கிற நமக்கு இது விளங்காத ஏற்பாடு அல்ல.

இப்படி மனிதர் போய்வருவதால் காரியம் ஏதும் விளையுமா என்று ஐயுறுவோருக்கு நமது இயக்கத்தின் சரித்திரத்தையே நாம் காட்டுவோம். 1892-இல் சென்னை மாகாண சர்க்கார் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் விவசாய பாங்கிகளை ஆராயும்படி நியமித்தது. ஜெர்மன் கிராமங்களில் ராய்பைசன் நிறுவிய கடன் சங்கங்களின் முறையை இங்கே கொண்டுவர வேண்டும் என்று அவர் தமது அறிக்கையில் வற்புறுத்தினார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அந்த ஆண்டிலேயே திரூரில் விவசாயிகளின் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரச் சங்கமும் பதிவாயின. பொதுப்பணத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் விளைவை இன்றுவரை நாம் அனுபவித்து வருகிறோம். ஆனால் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். போய்ப் பார்த்தவர் அதிகாரி. இங்குள்ள குடியானவனை அந்த ஊருக்கோ, அந்த ஊர்க் குடியானவனை இங்கேயோ அனுப்பிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ராய்பைசனின் சங்கத்தைக் கண்ணால் காணாமலே நமது பாட்டனார்கள் அதன் விதிகளுக்குக் கையெழுத்திட்டார்கள்.

ஒருவழிப் போக்கில் என்ன கெடுகிறது என்பதற்குப் பிரிட்டனின் கதை அண்மைய உதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டத்திலிருந்து அந்நாடு 2020 இறுதியில் விலகியது. அதற்குப் பதிலாகத் தன் செலவில் 2021 முதல் டூரிங் என்ற பெயரில் வேறொரு திட்டம் நடத்தியது. அந்தப் பணம் பிரிட்டிஷ் மாணவர் வெளியே செல்லவே உதவிற்று. வெளியார் உள்ளே வருவதற்கு அதில் இடமில்லை. பள்ளி, கல்லூரிக்கு வெளியே இயங்கும் வாலிபர் சங்கங்களும் விடுபட்டுப் போயின. போகிறவனுக்குத் தங்க இடமும் பழக ஆளும் கொடுக்கிற ஊர், தன் பிள்ளைக்கு அதே வரவேற்பு இல்லையென்றால் எத்தனை நாள் கதவைத் திறந்து வைக்கும்? வேல்ஸ் பிரதேசம் இதை உணர்ந்து, வருவோர்க்கும் உதவும் தனித் திட்டமொன்றை 2022-இல் தொடங்கியது. பிரிட்டன் 2027 முதல் எராஸ்மஸில் மீண்டும் சேர 2025 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது.

பணத்தை யார் பங்கிடுவது என்பதில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் முறை நமக்குப் பிடித்திருக்கிறது. மேலே சொன்ன ஆல்ஸேஸ் பிரதேசத்திலேயே உள்ள ஊர் அது. ஐரோப்பியக் கவுன்சில் என்னும் அமைப்பு 1972-இல் ஐரோப்பிய வாலிபர் நிதியை அங்கே ஏற்படுத்தியது. எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் குழுவில் சர்க்கார் பிரதிநிதிகளும் வாலிபர் பிரதிநிதிகளும் சமமான எண்ணிக்கையில் அமருகிறார்கள். மானியம் பெறுவோரின் தோழர்களே மானியம் கொடுக்கும் மேசையில் இருக்கிறார்கள். இதனால் பாரபட்சம் வராதா என்று சிலர் கேட்கலாம். நமது சங்கங்களில் கடன் பெறும் அங்கத்தினரே கடன் வழங்கும் டைரக்டர்களையும் தேர்ந்தெடுக்கிறோம். அந்த ஆபத்தை நாம் அறிவோம். ஆயினும் அறிமுகமில்லாத ஓர் அதிகாரி தூரத்து நகரத்தில் அமர்ந்து படிவத்தைப் பார்த்துப் பங்கிடுவதைவிட அது மேல் என்று அனுபவத்தில் கண்டே இந்த இயக்கத்தில் சேர்ந்தோம். அந்த நிதியில் மற்றொரு நல்ல விதியும் உண்டு. வாலிபர்கள் சம்பளமின்றிச் செய்யும் வேலைக்கு மதிப்புப் போட்டு, அதைச் சங்கத்தின் சொந்தப் பங்காக ஒப்புக்கொள்கிறார்கள். ரொக்கமில்லாதவன் உழைப்பால் பங்கு கட்டலாம்.

பகைமை ஆறாத இடத்திலும் இம்முறை தொடங்கப்பட்டிருக்கிறது. 1990-களின் யுத்தங்களில் சிதறிய பால்கன் பகுதியில், செர்பியா, கொசோவோ, அல்பேனியா முதலிய ஆறு தரப்புகள் 2016 ஜூலையில் பாரிஸ் நகரத்தில் கையொப்பமிட்டு, டிரானாவைத் தலைமையிடமாகக் கொண்ட வாலிபர் கூட்டுறவு அலுவலகமொன்றை அமைத்தன. அதற்கு மாதிரி பிரெஞ்சு–ஜெர்மன் அலுவலகமே. நிர்வாகத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் சர்க்கார் பிரதிநிதி ஒருவர், வாலிபர் பிரதிநிதி ஒருவர். ஒருவரையொருவர் தேசமாக ஒப்புக்கொள்ளாதவர்கள்கூட ஒரே நிதியை நிர்வகிக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னபின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாலிபர் பழக்கத்தால் மட்டுமே யுத்தம் நின்றது என்று கூறினால் அது மிகையாகும். நிலக்கரி, எஃகு, வியாபார உடன்படிக்கைகள் அதைவிடப் பெரிய வேலையைச் செய்தன. அன்றியும், இந்த மானியங்களில் முதலில் பயன் பெறுபவர் யாரென்று பார்த்தால், அந்நிய மொழி கற்ற, நகரத்துப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளே பெரும்பாலும் முன்னால் நிற்கிறார்கள். தொழிற்பயிற்சி பெறும் பையனும், பண்ணையில் வேலை செய்யும் பெண்ணும் விண்ணப்பம் இருப்பதையே அறிவதில்லை. வாய்ப்புக் குறைந்தோரைச் சேர்க்க வேண்டும் என்று இந்த ஸ்தாபனங்களே தனி விதிகள் செய்ய நேர்ந்தது இதனால்தான்.

எராஸ்மஸ் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1987-இல் மாணவருக்காகத் தொடங்கிய அது, 2021 முதல் 2027 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 2,600 கோடி யூரோ கொண்ட மாபெரும் நிதியாக வளர்ந்தது. அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு வாலிபர் துறைக்கு. 13 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் ஐந்து முதல் இருபத்தொரு நாள் வரை சேர்ந்து தங்கலாம். பணம் இருக்கிறது, நோக்கமும் நல்லது. ஆனால் படிவத்தை நிரப்புவது தனியொரு வித்தையாகிவிட்டது. கூலி வாங்கிக்கொண்டு விண்ணப்பம் எழுதித் தரும் தொழிலே அங்கே ஏற்பட்டுள்ளது. நெய்யத் தெரிந்தவனுக்கு விருது எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவன் தறியைத் தொட்டதில்லை. இந்த நிலைமை நமக்குப் புதிதல்ல.

அதனினும் கொடியது கடைசித் தவணை. பல இனங்களில் தொகையின் ஒரு பெரும்பகுதி, சாதாரணமாக நூற்றுக்கு எண்பது, முன்பணமாக வருகிறது; மீதி இருபது, வேலை முடிந்து, அறிக்கை அனுப்பி, அது பரிசீலனையாகி ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே வரும். பெரிய ஸ்தாபனம் தன் இருப்பிலிருந்து அதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு கிராமத்து வாலிபர் சங்கம் எங்கே போகும்? பண்டிகைக் காலத்தில் தள்ளுபடி கொடுத்துத் துணியை விற்றுவிட்டு, அத்தள்ளுபடிக்கு ஈடாக வரவேண்டிய மானியம் வாராமல், பாவுக்கு நூல் வாங்க வழியின்றித் தறிகளை நிறுத்தி வைத்த மாதங்களை நமது அங்கத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். ஒப்புக்கொண்ட தொகையில் ஒரு காசும் குறையவில்லை என்று காகிதம் சொல்லும். ஆனால் அந்த இடைக்காலத்தில் கூலி கிடைக்காத குடும்பம் வட்டிக்கு வாங்கிய பணத்துக்குக் காகிதத்தில் இடமில்லை. காலம் தாழ்ந்து வரும் மானியம், வசதி படைத்தவனுக்கே மானியம். மற்றவனுக்கு அது கடன்.

இதை அறிந்துதானோ என்னவோ, 2021-இல் சிறு சங்கங்களுக்கென்று எளிய பிரிவொன்றை ஏற்படுத்தினார்கள். 30,000 அல்லது 60,000 யூரோ என்று மொத்தத் தொகையாகத் தருவது. ஒவ்வொரு செலவுக்கும் ரசீது கேளாமல், ஒப்புக்கொண்ட வேலை நடந்ததா என்று பார்ப்பது. பத்து ரூபாய் பஸ் டிக்கெட்டுக்காகப் பத்து நாள் கடிதப் போக்குவரத்து நடத்திய காரியதரிசிகள் நமது சங்கங்களிலும் உண்டு. அவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள்.

அவ்வளவு பெரிய நிதி நம்மிடம் இல்லை. எனினும் நமது சங்கங்கள் நிகர லாபத்திலிருந்து ஆண்டுதோறும் கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பணம் செலுத்தி வருகின்றன. அந்தப் பணத்தில் சான்றிதழும் சொற்பொழிவும் தவிர இளைய அங்கத்தினருக்குக் கிட்டுவது என்ன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஒரு நெசவாளர் சங்கத்திலிருந்து ஐந்து வாலிபர்கள் ஒரு பருத்தி விவசாயிகள் சங்கத்துக்குச் சென்று பத்து நாள் வீடுகளில் தங்கி வேலை செய்யட்டும்; அடுத்த பருவத்தில் அங்கிருந்து ஐவர் இங்கு வந்து தறியடியில் அமரட்டும். இரு சங்கங்களும் சமமாகப் பணம் போடட்டும். பிரயாணச் செலவும், அந்தப் பத்து நாளைக்கு இழக்கும் கூலியும் புறப்படும் முன்பே கையில் கொடுக்கப்பட வேண்டும். விண்ணப்பம் இரண்டு பக்கத்துக்கு மேற்படலாகாது. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பாதிப்பேர் முப்பது வயதுக்கு உட்பட்ட அங்கத்தினராக இருக்க வேண்டும். பெண்களும் அதில் இடம்பெற வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி, வருகிற பொதுக்கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி சங்கக் காரியதரிசிகளை வேண்டுகிறோம். நிறைவேற்றும் சங்கங்களின் பெயர்களை இப்பத்திரிகையில் வெளியிடுவோம். இணை தேடும் சங்கங்கள் நமக்கு எழுதினால், விவசாயிகள் சங்கங்களுக்கு அவர்களை அறிமுகம் செய்துவைக்கச் சித்தமாயிருக்கிறோம்.