வெறும் தலைவலிதானா?



“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்பர் முன்னோர். ஆனால், வந்த பின்னரும் இன்னதென்று தெரியாமற்போகும் தலைவலியும் உண்டு. அதனை ஓர் இல்லத்தில் நாம் நேரிற் கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலையில் இல்லங்களைச் சந்திக்கச் சென்றிருந்தோம். நாற்பது வயதுத் தாய் ஒருவர் தலையில் துணியை இறுகக் கட்டிப் படுத்திருந்தார். “வெயிலில் அலைந்த தலைவலிதான், சாமி” என்றார் கணவர். தைலமும் மாத்திரையும் கொடுத்தாயிற்று. எப்போது தொடங்கியது என வினவினோம். “முந்தாநாள் காலையில், குடத்தைத் தூக்கும்போது, பின்தலையில் சம்மட்டியால் அடித்தாற்போல இருந்தது, சாமி” என்றார் அந்த அம்மாள்.

அச்சொல்லே எச்சரிக்கை. சாதாரணத் தலைவலி மெல்ல மெல்ல வளரும். ஒரு நிமிடத்திற்குள் உச்சத்தை எட்டும் கடும்வலியோ, மூளையின் இரத்தநாளம் ஒன்று புடைத்து வெடித்ததன் அடையாளமாக இருக்கக்கூடும்.

உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். சி.டி. ஸ்கேன் எடுத்தனர், கசிவு தென்படவில்லை. குடும்பத்தார் மகிழ்ந்து வீடு திரும்ப முனைந்தபோது மருத்துவர் தடுத்தார். வலி தொடங்கிய 6 மணி நேரத்திற்குள் எடுக்கும் படத்தில் கசிவு தவறுவது அரிது. நாள் செல்லச் செல்ல இரத்தச் சுவடு மங்கிவிடும். எனவே முதுகுத்தண்டு நீரைச் சோதிக்கவேண்டும் என்றார். முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமற் போகும் என உறவினர் அஞ்சினர். உண்மையில், தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் ஊசி செலுத்தப்படுகிறது. ஜெர்மானிய மருத்துவர் குயின்க்கே 1891-இல் எடுத்துரைத்த முறை இது. அரைமனத்தோடு இசைந்தனர். நீர் மஞ்சளித்திருந்தது; கசிவு உறுதியாயிற்று. புடைப்பு அடைக்கப்பட்டது. அத்தாய் பின்னர்த் தம் மகளின் திருமணத்தை முன்னின்று நடத்தினார்.

பெரும்பாலான தலைவலிகள் ஆபத்தற்றவையே. ஆயினும் சிலவற்றில் தாமதம் ஆகாது. காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் மூளை உறை அழற்சியாக இருக்கலாம். பேச்சுக் குழறல், ஒருபக்கத் தளர்ச்சி, வலிப்பு, மயக்கம் ஆகியவை உடன்வந்தால் 108-ஐ அழையுங்கள். கருவுற்றவருக்கும் பிள்ளை பெற்றவருக்கும் புதிதாக வரும் கடும்வலியைக் களைப்பென்று தள்ளாதீர்கள். முதியோர் தவறி விழுந்து சில வாரங்கள் கழித்தும் தலைக்குள் இரத்தம் தேங்கக்கூடும். ஐம்பதைக் கடந்தவருக்கு நெற்றிப்பொட்டில் புதுவலி தோன்றி, மெல்லும்போது தாடையும் நோகுமாயின், அன்றே மருத்துவரைக் காணவேண்டும். பிந்தினால் பார்வையே பறிபோகலாம். விடியலில் வாந்தியோடு வந்து நாளுக்கு நாள் மிகும் வலிக்குக் கண்ணின் உட்புறத்தையும் சோதிக்கவேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது மூன்றைச் சொல்லுங்கள்: எப்போது தொடங்கியது, எவ்வாறு தொடங்கியது, உடன் வேறென்ன தோன்றியது. படம் நன்றாயிருக்கிறது என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள். மருத்துவர் போதும் என்னும்வரை பொறுத்திருங்கள். அந்தத் தாயைக் காத்தது அந்தப் பொறுமையே.