திறந்ததை எழுதித் தாருங்கள்

சேர்விஸுக்கு விடும்வரை ஒழுங்காக ஓடிய மோட்டார் சைக்கிள், எடுத்து வந்த மறுநாளே ஸ்லோவில் நூர்ந்துபோனால் பழுது எங்கே இருக்கும்? கடைசியாகக் கைபட்ட இடத்தில்தான். ஆனால் எங்கள் பக்கத்துக் கராஜ்கள் பலவற்றில் அங்கே திரும்பிப் பார்ப்பதில்லை. "காபரேட்டர் போயிற்று, புதுசு போடுவம்" என்பதுதான் முதல் பதிலாக வருகிறது.

என் மருமகன் வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றி, கிரான், சந்திவெளிப் பக்கம் விற்கப் போகிறவர். பிந்தினால் ஐஸ் கரையும், வியாபாரமும் போகும். அவருடைய பஜாஜ் சீ.டி. 100, சேர்விஸ் முடிந்து வந்ததும் அக்சிலேற்றரை விட்டால் நூர்ந்தது, சைலன்சரில் வெடித்தது, பெட்டியோடு ஓட்டமாவடிப் பாலத்தில் ஏற இழுவை இல்லை. நான் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். என்ஜின் சீரானது. அப்படியென்றால் பெற்றோலுக்கு மிஞ்சிய காற்று எங்கோ உள்ளே போகிறது. காபரேட்டரும் என்ஜினும் சேரும் பொருத்தில் பிரஷால் ஒயில் தடவியதும் சத்தம் மாறிவிட்டது. கழற்றிப் பார்த்தால், ரப்பர் ஓ ரிங் பள்ளத்தை விட்டு விலகி, ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. சில்லறைக் காசுச் சாமான்! அதற்குத்தான் முழுக் காபரேட்டரையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

என்ஜின் ஆறுமுன் டெப்பட், அதாவது வால்வு இடைவெளி, வைப்பதாலும் இப்படி வரும். அந்த இடைவெளி மில்லிமீற்றரில் பத்திலொன்று அளவுதான். அது இறுகிவிட்டால் வால்வு முழுதாய் மூடாது; இழுவை குறையும். கழுவும்போது பிளக் தொப்பிக்குள் தண்ணீர் இறங்குவதும் உண்டு.

நான் வாழைச்சேனைக் காகித ஆலையில் பராமரிப்புப் பகுதியில் வேலை பார்த்தவன். வைக்கோலில் காகிதம் செய்த ஆலை அது. அங்கே ஒரு பம்பைத் திறந்தால், திறந்தவர் யார், மாற்றிய பக்கிங் எது என்று புத்தகத்தில் எழுதாமல் ஷிப்ட் விட்டுப் போக முடியாது. அடுத்த ஷிப்டில் பம்பு மக்கர் செய்தால், ஸ்பேனரை எடுக்குமுன் புத்தகத்தைத்தான் எடுப்போம்.

அந்தப் பழக்கத்தைத்தான் கராஜ்களிடம் கேட்கிறேன். எங்கள் பெடியன்களுக்குக் கைவேலை தெரியாமல் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின், 2025 தொடக்கம்வரை பழைய வண்டிகளை ஓடவைத்தவர்கள் அவர்கள்தான். எதைக் கழற்றினோம், எதை மாற்றினோம், டெப்பட் பார்த்தோமா என்று நாலு வரி எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்கிறது. என்ன செய்தார்கள் என்ற துண்டே இல்லாமல் அதை எப்படிக் கேட்பது?

வாடிக்கையாளரும் வாய் திறக்கவேண்டும். சாமான் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுக்குமுன் கராஜ் வாசலிலேயே என்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டு, அக்சிலேற்றரை விட்டுப் பாருங்கள். நூர்ந்தால் வண்டியை எடுக்காதீர்கள். எழுதித் தந்த துண்டில் முதல் வரியிலிருந்து திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.