ஸ்பாவில் மழைக்கு நிற்பது கோழைத்தனமா?

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் தம்பி மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தான். மறுநாள் அதே வீடியோ நம் பழைய மாணவர் குழுவிலும் வந்துவிட்டது. பெல்ஜியம் நாட்டில் ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம் என்ற கார் பந்தயப் பாதை இருக்கிறது. முதல் பாதியில், அறுபதுகளில் அங்கே மழையில் கார்கள் சீறிப் பாய்கின்றன. இரண்டாம் பாதியில், 2025 ஜூலையில் அதே இடத்தில் மழை என்பதற்காகப் பந்தயத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கீழே எழுதியிருக்கிறது: "அன்று ஆண்கள் ஓட்டினார்கள். இன்று குழந்தைகள் ஓட்டுகிறார்கள்." அதற்கு ஏகப்பட்ட கைதட்டல். "சூப்பர்", "உண்மை", "அந்தக் காலமே தனி" என்று நம் பிள்ளைகளே வரிசையாக எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு வந்தது கோபம். இந்த அம்மாவுக்குக் கார் ரேஸைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். பேரனுக்குத் துணையாக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தது. இப்போது அவன் தூங்கிப் போனாலும் நான் பார்க்கிறேன். பார்த்ததோடு விடாமல் தேடித் தேடிப் படித்தும் வைத்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்த வீடியோ சொல்வது பொய்.

முதலில் அந்தப் பாதையின் கதையைக் கேளுங்கள். ஆர்டென் மலைக்காட்டுப் பகுதியில் ஃபிராங்கோர்ஷாம், மால்மெடி, ஸ்டாவ்லோ என்று மூன்று ஊர்கள். அவற்றை இணைக்கும் சாலைகள் ஒரு முக்கோணம் போல இருக்கும். ஜூல் டி தியே என்ற பத்திரிகைக்காரரும் அவருடைய நண்பர்களும் 1920-ல் அந்தச் சாலைகளையே பந்தயப் பாதையாக்க முடிவு செய்தார்கள். சுமார் 15 கி.மீ. சுற்று. 1921-ல் கார் போட்டி என்று அறிவித்தார்கள். பெயர் கொடுத்தவர் ஒரே ஒருவர்! அதனால் அந்த வருஷம் மோட்டார் சைக்கிள்தான் ஓடியது. 1925-ல் முதல் கிராண்ட் பிரி. ஆல்ஃபா ரோமியோ காரில் அன்டோனியோ அஸ்காரி ஜெயித்தார். அடுத்த மாதமே பிரான்சில் இன்னொரு பந்தயத்தில் இறந்து போனார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அது பந்தயத்துக்கென்று போட்ட பாதை இல்லை. மற்ற நாட்களில் பால்வண்டியும் விவசாயி வண்டியும் போகிற ஊர்ச் சாலை. ஓரத்தில் வீடு, கல்சுவர், தந்திக் கம்பம், மரம், பள்ளம். 1920-ல் அது சரியாக இருந்திருக்கலாம். காரின் வேகம் மட்டும் வருஷா வருஷம் ஏறியது. தந்திக் கம்பம் அங்கேயே நின்றது. 1970-ல் பழைய பாதையின் கடைசி கிராண்ட் பிரியை ஜெயித்த பெத்ரோ ரோட்ரிகஸின் சராசரி வேகம் மணிக்கு 241 கி.மீ. உச்ச வேகத்தைச் சொல்லவில்லை, சராசரியைச் சொல்கிறேன். வீட்டு வாசல்களை ஒட்டி!

இனி, வீடியோ கொண்டாடுகிற அந்த அறுபதுகளுக்கு வருவோம். 1960 ஜூன், ஸ்பா. பயிற்சி ஓட்டத்தில் ஸ்டிர்லிங் மாஸின் லோட்டஸ் காரிலிருந்து ஒரு சக்கரம் கழன்று போனது. இரண்டு கால்களும் முறிந்தன. அதே பயிற்சியில் மைக் டெய்லரின் காரில் ஸ்டீயரிங் தண்டு முறிந்தது. அவரும் படுகாயம். மறுநாள் பந்தயத்தில் கிறிஸ் பிரிஸ்டோ பாதையை விட்டு வெளியே பாய்ந்து இறந்தார். வயது 22. சில சுற்றுகள் கழித்து ஆலன் ஸ்டேசியின் முகத்தில் ஒரு பறவை மோதியது. அவரும் இறந்தார். பந்தயத்தை நிறுத்தினார்களா? இல்லை. ஓடி முடித்தார்கள், ஜாக் பிராபம் ஜெயித்தார், கோப்பை கொடுத்தார்கள்.

தம்பி மகனே, உன்னைக் கேட்கிறேன். சக்கரம் கழன்றதில் மாஸின் ஆண்மை எங்கே இருக்கிறது? பறவை வந்து முகத்தில் அடித்தால் வீரன் என்ன செய்வான், கோழை என்ன செய்வான்? இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சாவார்கள். திறமையைச் சோதிப்பது விளையாட்டு. அதிர்ஷ்டத்தைச் சோதிப்பது சூதாட்டம்.

அன்றைக்கு அந்த மரணங்களின் ஊடே ஓட்டியவர்களில் ஒருவர் ஜிம் கிளார்க். அதன்பிறகு 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு வருஷம் ஸ்பாவில் அவர்தான் ஜெயித்தார். ஆனால் அந்தப் பாதை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது, அதை மறைக்கவும் இல்லை. அங்கே எல்லாரையும் விட வேகமாக ஓட்டியவரே அப்படிச் சொல்லியிருக்கிறார். சோபாவில் உட்கார்ந்து கைதட்டுகிற நாம் என்ன சொல்ல?

அடுத்து 1966. அதே ஸ்பா, வீடியோ காட்டுகிற அதே மழை. கிளம்பிய இடத்தில் தரை காய்ந்திருந்தது. பாதையின் மறுபக்கம் போனபோது கொட்டும் மழை. முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் வழியில்லை. முதல் சுற்றிலேயே கிட்டத்தட்ட பாதிக் கார்கள் சறுக்கி வெளியே போய்விட்டன. முந்தின நாள்தான் 27 வயது நிறைந்த ஜாக்கி ஸ்டூவர்ட்டின் பி.ஆர்.எம். கார், மஸ்டா என்ற இடத்தில் பறந்து போய் ஒரு பண்ணை வீட்டருகே நொறுங்கிக் கிடந்தது. ஸ்டீயரிங் காலை அழுத்திப் பிடித்திருக்க, உடம்பெல்லாம் பெட்ரோல் வழிய, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார். ஒரு பொறி பட்டிருந்தால் போதும்.

காப்பாற்ற வந்தது யார் தெரியுமா? அதே இடத்தில் சறுக்கி நின்ற சக ஓட்டுநர்கள் கிரகாம் ஹில்லும் பாப் பாண்டுரண்டும். பந்தய நிர்வாகத்தின் ஆள் ஒருவர்கூட இல்லை, கருவி ஒன்றுகூட இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் காரிலிருந்து ஸ்பேனர் கடன் வாங்கித்தான் ஸ்டீயரிங்கைக் கழற்றினார்கள். சுமார் 25 நிமிஷம். பிறகு கொண்டு போய்ப் போட்ட முதலுதவி இடத்தில் தரையெல்லாம் சிகரெட் துண்டுகள். லியேஜ் நகர ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட ஆம்புலன்ஸ் வழி தவறிவிட்டது. "அந்தக் காலமே தனி" என்று எழுதிய பிள்ளைகளே, அந்தக் காலம் இப்படித்தான் தனியாக இருந்தது.

ஸ்டூவர்ட் குணமாகித் திரும்பி வந்தார். ஸ்டீயரிங்கில் ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார். சீட் பெல்ட் வேண்டும், பாதை ஓரம் தடுப்பு வேண்டும், பயிற்சி பெற்ற மீட்புக் குழு வேண்டும், டாக்டர் வேண்டும் என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்டார். பாதை முதலாளிகள் செலவைப் பார்த்தார்கள். சில பத்திரிகைக்காரர்கள் பயந்தாங்கொள்ளி என்கிற மாதிரி எழுதினார்கள். 1969-ல் ஓட்டுநர் சங்கத்தின் சார்பில் அவர் ஸ்பாவைப் போய்ப் பார்த்து, இன்னின்ன தடுப்புகள் வேண்டும் என்றார். நிர்வாகம் சம்மதிக்கவில்லை. ஓட்டுநர்கள் வர மறுத்தார்கள். அந்த வருஷம் பெல்ஜியம் கிராண்ட் பிரியே நடக்கவில்லை. விளையாட்டைக் கொன்றுவிட்டான் என்று அதற்கும் ஏச்சு.

அந்த "பயந்தாங்கொள்ளி" யார் என்று பாருங்கள். 1968-ல் ஜெர்மனியின் நுர்பர்க்ரிங் பாதையில், மழையும் பனிமூட்டமும் சேர்ந்து எதிரில் வருவது தெரியாத நாளில், அடிபட்ட மணிக்கட்டோடு ஓட்டி, இரண்டாவது வந்தவரை நான்கு நிமிஷத்துக்கு மேல் பின்னால் விட்டு ஜெயித்தவர். மூன்று முறை உலக சாம்பியன். 99 பந்தயங்களில் 27 வெற்றி. 1973-ல் நூறாவது பந்தயத்துக்காகப் போன இடத்தில் சக ஓட்டுநர் ஃபிரான்சுவா செவேர் இறந்ததும், அதை ஓட்டாமலே விலகிவிட்டவர். பயம் என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குத்தான் தைரியம் இருந்தது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவு என்றுதான் வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். ஏழாம் வகுப்பில் உங்களுக்கு நடத்தியிருக்கிறேன், மறந்திருப்பீர்கள்.

நானும் மறந்தவள்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு விளையாட்டு விழா. நீளம் தாண்டுதலுக்கு நான் பொறுப்பு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மணல் குழியைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், மண்ணு கெட்டியா இருக்கு, கொத்தி விட்டுட்டுத் தாண்டட்டுமா?" என்று கேட்டான். மேடையில் விருந்தினர் காத்திருந்தார். நேரமாகிவிட்டது. எல்லார் முன்னிலையிலும் நான் சொன்னேன்: "பொம்பளப் புள்ள மாதிரி பயப்படாதடா, தாண்டு." ஒரு பெண், அதுவும் டீச்சர், சொன்ன வார்த்தை இது! அவன் தாண்டினான். மணிக்கட்டு முறிந்தது. அவன் கேட்டது பத்து நிமிஷமும் ஒரு மண்வெட்டியும். அந்தப் பையன் இன்றைக்கு இந்தக் குழுவில்தான் இருக்கிறான். அந்த வீடியோவுக்குக் கைதட்டாத சிலரில் அவனும் ஒருவன்.

ஆகவே பத்திரிகைக்காரர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை குறைவுதான். ஆனால் பாடம் படித்தவள் என்ற முறையில் மேலே சொல்கிறேன்.

பாதுகாப்பு வந்ததால் ஸ்பா செத்துப் போனதா? 1970-க்குப் பிறகு கிராண்ட் பிரி நிவெல், சோல்டர் என்று வேறு பாதைகளுக்குப் போனது. 1979-ல் ஸ்பாவைச் சுமார் 7 கி.மீ. பாதையாகச் சுருக்கித் திருத்தினார்கள். ஓ ரூஜ் ஏற்றத்தை விட்டுவைத்தார்கள். 1983-ல் கிராண்ட் பிரி திரும்பி வந்தது. இன்று எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் பிடித்த பாதைகளில் ஸ்பாவைச் சொல்வார். ஷூமாக்கரின் முதல் பந்தயமும் (1991) முதல் வெற்றியும் (1992) அங்கேதான். நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக அங்கே ஓட்டினார், வீடு திரும்பினார். திருத்தாமல் விட்டிருந்தால் இந்த வரலாறே கிடையாது.

1966-ஐ 1998-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அதே ஸ்பா, மறுபடியும் மழை. முதல் சுற்றில் 13 கார்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதி, சக்கரங்கள் பறந்தன. ஒரு உயிரும் போகவில்லை. மறுபடி கிளம்பி டேமன் ஹில் ஜெயித்தார். 1966-ல் ஸ்பேனர் கடன் வாங்கிய கிரகாம் ஹில்லின் மகன் அவர். 2018-ல் ஓட்டுநர் தலைக்கு மேல் "ஹேலோ" வளையம் கட்டாயமானபோது, அசிங்கமாக இருக்கிறது, ரப்பர் செருப்பு மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். அதே வருஷம் ஸ்பாவில் அலோன்சோவின் கார் எகிறி லெக்லேரின் கார் மேல் பறந்தது. டயர் தடம் அந்த வளையத்தின் மேல் விழுந்தது. லெக்லேர் இறங்கி நடந்து போனார்.

"ஆபத்தே இல்லாமல் என்ன விளையாட்டு?" என்று கேட்பீர்கள். ஆபத்து எங்கேயும் போய்விடவில்லை. 2019-ல் அதே மேட்டில், ஃபார்முலா 2 பந்தயத்தில் ஆந்துவான் யூபேர் இறந்தார். வயது 22. 2023 ஜூலை முதல் தேதி, இளையோர் பந்தயம் ஒன்றில், மழையில் முன்னால் எதுவும் தெரியாத நிலையில், டிலானோ வான்ட் ஹாஃப் இறந்தார். வயது 18. அதே ஸ்பா, அதே மழை. இது நடந்து இரண்டே வருஷத்தில், 2025-ல், மழைக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். அதற்குத்தான் நீங்கள் சிரிக்கிறீர்கள்.

நிர்வாகம் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 2021-ல் ஸ்பாவில் ஜனங்களை மணிக்கணக்கில் மழையில் நிற்க வைத்து, பாதுகாப்புக் காருக்குப் பின்னால் சில சுற்று ஊர்வலம் விட்டு, பந்தயம் நடந்தது என்று பாதிப் புள்ளிகள் கொடுத்தார்களே, அது கண்துடைப்பு. ஓட்ட முடியாது என்றால் முடியாது என்று சொல்லி டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்து கொள்கிறேன். ஆனால் 18 வயதுப் பையன் செத்த இடத்தில் மழை விடட்டும் என்று காத்திருந்தவர்களைக் குழந்தைகள் என்று கேலி செய்யாதீர்கள்.

உங்களில் சிலர் இன்று தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்கள், சிலர் கட்டிட வேலை எடுத்துச் செய்கிறவர்கள், சிலர் என்னைப் போல ஆசிரியர்கள். உங்கள் கீழே இருக்கிற ஒருவன் "சார், கயிறு நைந்திருக்கு" என்பான், "கரண்ட் கசியுது" என்பான். அந்த நேரத்தில் இந்த வீடியோ உங்கள் மண்டைக்குள் ஓடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தம்பி மகனே, அத்தை திட்டிவிட்டாள் என்று குழுவை விட்டுப் போய்விடாதே. வீடியோவை மட்டும் எடுத்துவிடு.

அந்தப் பையனுக்கு: இன்று நீ இரண்டு பிள்ளைகளின் அப்பா. போன வருஷம் வீட்டுக்கு வந்தபோதுகூட "அதெல்லாம் விடுங்க டீச்சர்" என்றாய். விட முடியவில்லை. அன்றைக்கு எல்லார் முன்னிலையிலும் சொன்னேன், அதனால் இன்றைக்கும் எல்லார் முன்னிலையிலும் சொல்கிறேன். மண் கெட்டியாகத்தான் இருந்தது. நீ சொன்னது சரி. நான்தான் மண்வெட்டி எடுத்து வந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்