நிலாவுல இறங்கியாச்சு, தக்காளியும் இறங்கிடுச்சு! - போஸ்ட்மாஸ்டர் தாத்தாவின் வாரக் கடைசி

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், விழுப்புரத்தில் அந்த வீட்டுத் திண்ணைக்கு ஒரு களை வந்துவிடும். ஒரு நீளமான பழைய கணக்கு நோட்டு, ஒரு சிவப்பு மை பேனா, ஒரு டம்ளர் சுக்கு காபி சகிதம் போஸ்ட்மாஸ்டர் தாத்தா வந்து உட்காருவார். ரிட்டயர் ஆகி 12 வருஷம் ஆகிறது. ஆனாலும் தெருவில் யாரும் அந்தப் பட்டத்தை அவரிடமிருந்து பறிக்கவில்லை. வாரம் முழுக்கப் படித்த, பார்த்த செய்திகளுக்கெல்லாம் நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுவது அவர் வழக்கம். தலைப்பைப் படித்துச் சொல்வது எட்டாம் வகுப்புப் பேரனின் வேலை.

இந்த வாரம் நோட்டு வந்துவிட்டது, காபி வந்துவிட்டது. பேரனைத்தான் காணோம்.

"உள்ளதான் இருக்கான். வியாழக்கிழமை குறுவட்ட செஸ் போட்டியில ரெண்டாவது ரவுண்டுலயே தோத்துட்டானாம். போர்டைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டான். இனிமே செஸ்ஸே வேண்டாமாம்" என்றார் பாட்டி.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே கேட்கும்படி குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

முதல் பாடம், காய்கறிக் கடை

"முதல்ல தக்காளி. ஜூலை மாசம் நூறு ரூபாய்க்கு மேல ஏறி நின்னுச்சு. பாட்டி புளியை வெச்சே ஒரு மாசம் குடும்பம் நடத்தினா. இப்ப மெதுவா இறங்கி வந்துடுச்சு. ஆனா விலை ஏறினப்ப நாம அழுதோம், இறங்கினப்ப விவசாயி அழுவான். அதனால 35 மார்க். ஜஸ்ட் பாஸ்!"

அடுத்து, காலை உணவுத் திட்டம். வெள்ளிக்கிழமை திருக்குவளையில் முதலமைச்சர் தொடங்கிவைக்க, தமிழ்நாடு முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிவாகியிருக்கிறது. "வெறும் வயித்தோட உக்கார்ற பிள்ளைக்கு ரெண்டும் ரெண்டும் எவ்வளவுன்னு கேட்டா, இட்லி எத்தனைன்னுதான் காதுல விழும். இதுக்கு 95. அஞ்சு மார்க் ஏன் குறைச்சேன்னா, எனக்குக் கிச்சடி கொடுக்கல."

உள்ளேயிருந்து ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் வந்த மாதிரி இருந்தது. பாட்டி கண்ணைக் காட்டினார். தாத்தா காபியை ஒரு வாய் குடித்தார்.

மதுரையில் சனிக்கிழமை காலை சுற்றுலா ரயில் பெட்டியில் நடந்த தீ விபத்து பற்றி மட்டும் அவர் நோட்டில் எதுவும் எழுதவில்லை. "அது மார்க் போடுற விஷயம் இல்ல" என்று ஒரு வரியோடு பக்கத்தைத் திருப்பினார்.

நிலாவுக்குப் போன நம்ம ஊர் பிள்ளை

"இப்ப நிலா!" என்றதும் எதிர்வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேர் திண்ணைக்கு வந்துவிட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் 6.04-க்கு சந்திரயான்-3 நிலாவின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கியபோது விழுப்புரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. கேட்காமல் இருக்குமா? திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் இந்த ஊர்க்காரர். ரயில்வே டெக்னீஷியனின் மகன். ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, அதற்குப் பிறகுதான் இன்ஜினீயரிங் போனவர். தாத்தா அன்று ஒரு கண்ணை டிவியிலும், இன்னொரு கண்ணை பாகு நகரில் பிரக்ஞானந்தா ஆடிக்கொண்டிருந்த செஸ் ஆட்டம் ஓடிய போனிலும் வைத்திருந்தார். ராத்திரி கண்ணுக்கு மருந்து விட வேண்டியதாயிற்று.

"2019 செப்டம்பர் 7 ஞாபகம் இருக்கா? ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணு முழிச்சுப் பார்த்தோம். நிலாவுக்கு 2.1 கிலோமீட்டர் மேல இருக்கும்போது சிக்னல் போயிடுச்சு. கடைசிப் படிக்கட்டுல வழுக்கின மாதிரி. இஸ்ரோக்காரங்க அதுக்கப்புறம் என்ன பண்ணினாங்கன்னு தெரியுமா?"

குழந்தைகள் தலையை ஆட்டினார்கள். தாத்தா விரல்விட்டு எண்ணினார்.

"போன தடவை இறங்குறதுக்குத் தேர்ந்தெடுத்த இடம் அரை கிலோமீட்டருக்கு அரை கிலோமீட்டர். இந்தத் தடவை 4 கிலோமீட்டர் நீளம், 2.4 கிலோமீட்டர் அகலம். போன தடவை இன்ஜின் அஞ்சு, இந்தத் தடவை நாலு. கால்களை இன்னும் பலமாக்கினாங்க. எரிபொருளைக் கூட்டினாங்க. சோலார் தகடுகளை அதிகமாக்கினாங்க. இஸ்ரோ தலைவர் சோமநாத் இதுக்கு ஒரு பேர் சொன்னார். எல்லாம் சரியா நடக்கும்னு நினைச்சு வடிவமைக்காம, எதெல்லாம் தப்பாப் போகலாம்னு முதல்ல பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழி செஞ்சு வெச்சுக்கிறது. தோல்வியை வெச்சே போட்ட பிளான்!"

"அப்ப நாலு நாள் முன்னாடி ரஷ்யா அனுப்பினது ஏன் தாத்தா விழுந்துச்சு?" என்றாள் எதிர்வீட்டுக் குழந்தை. லூனா-25 ஆகஸ்ட் 19 அன்று நிலாவில் மோதி நொறுங்கியதைத்தான் கேட்டாள்.

"முதன்முதல்ல நிலாவுல மெதுவா இறங்கிக் காட்டினதே அந்த நாடுதான் கண்ணு. அவங்களுக்கே விழுது. அதனால யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. நிலாவுல காத்தே கிடையாது, பாராசூட்டும் விரியாது. இன்ஜினை எரிச்சு எரிச்சுத்தான் வேகத்தைக் குறைக்கணும். கடைசி இருபது நிமிஷம் யாரும் பூமியில இருந்து கை கொடுக்க முடியாது. அந்த மெஷின் தானேதான் யோசிச்சு இறங்கணும். நிலாவுக்கு 100. அந்த ராத்திரி அழுதுட்டு மறுநாள் வேலைக்குப் போனவங்களுக்கு இன்னொரு 100."

தோற்ற பிள்ளைக்கு எவ்வளவு மார்க்?

கதவு லேசாகத் திறந்தது. பேரன் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான்.

தாத்தா பார்க்காதது போல அடுத்த செய்திக்குப் போனார். "செஸ் உலகக் கோப்பை. பிரக்ஞானந்தா, வயசு 18. உலகத்துல ரெண்டாவது இடத்துல இருந்த நாகமுராவைத் தோற்கடிச்சார். மூணாவது இடத்துல இருந்த கருவானாவைத் தோற்கடிச்சார். ஃபைனல்ல கார்ல்சனோட ரெண்டு ஆட்டம் டிரா. வியாழக்கிழமை டைபிரேக்கர்ல முதல் ஆட்டத்துல தோத்தார், அடுத்தது டிரா. கோப்பை போயிடுச்சு. ஆனா அடுத்த வருஷம் கேண்டிடேட்ஸ் போட்டிக்குப் போறார். ஆனந்துக்கு அப்புறம் அங்க ஆடப்போற இந்தியர் இவர்தான். எவ்வளவு மார்க் போடலாம்?"

"தோத்துட்டாருல்ல தாத்தா" என்றான் பேரன்.

"அதான் கேக்கறேன். எவ்வளவு?"

பேரன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க எதுலயாச்சும் தோத்திருக்கீங்களா?" என்றான்.

சென்னையில் வேலை பார்த்துவிட்டு வாராவாரம் சனிக்கிழமை ரயிலில் ஊருக்கு வரும் மகன், அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் பையை வைத்தார். தாத்தா அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"தோத்திருக்கேன். 1996. உங்க அப்பா ப்ளஸ் டூ. சாயங்காலப் பேப்பர்ல நம்பர் இல்ல. கணக்குல ஃபெயில். அந்தக் காலத்துல யார் வீட்டுக்குக் கெட்ட சேதி தந்தி வந்தாலும், அதைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி 'முதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க'ன்னு சொல்லச் சொல்லி தந்தி கொண்டுபோற பையனுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். ஊருக்கெல்லாம் அப்படி. என் வீட்டுக்கு வந்த சேதிக்கு மட்டும், தெருவே கேக்குற மாதிரி, 'உன்னை நம்பி ஒரு ஸ்டாம்ப்கூட ஒட்ட முடியாது'ன்னு சொன்னேன். அவன் மூணு மாசம் என்னோட பேசல."

திண்ணையில் யாரும் பேசவில்லை. பாட்டி முந்தானையால் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் நான் மறந்தே போயிட்டேன்ப்பா" என்றார் மகன்.

"நான் மறக்கலையே. அடுத்த அட்டெம்ப்ட்ல நீ பாஸ் பண்ணிட்ட. எனக்குத்தான் அட்டெம்ப்ட்டே கிடைக்கல."

பேரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தாத்தா நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அவனிடம் நீட்டினார். "இஸ்ரோ லிஸ்ட் போடு. வியாழக்கிழமை என்னென்ன தப்பாப் போச்சு?"

பத்து நிமிஷம் கழித்துக் காகிதம் திரும்பி வந்தது. அதில் மூன்று வரிகள்தான் இருந்தன. ஒன்று, ராணியைச் சீக்கிரமே வெளியே கொண்டுவந்துட்டேன். இரண்டு, கடிகாரத்தைப் பார்க்கல. மூன்று, பதற்றத்துல காலையில சாப்பிடல.

"மூணாவதுக்கு முதலமைச்சர் வரைக்கும் போக வேண்டாம், பாட்டியே போதும்" என்றார் தாத்தா. அந்த வாரத்தில் முதல்முறையாகப் பேரன் வாய்விட்டுச் சிரித்தான்.

மகன் உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் செஸ் போர்டு இருந்தது. "ராணி சீக்கிரமா வெளியே வந்தா என்ன ஆகும்னு எனக்கும் காட்டுடா" என்று பேரன் எதிரில் உட்கார்ந்தார்.

ஞாயிறு ராத்திரி டியூட்டி

தாத்தாவுக்கு இன்னும் ஒரு செய்தி பாக்கி இருந்தது. புடாபெஸ்ட்டில் உலகத் தடகளப் போட்டி. வெள்ளிக்கிழமை மதியம் அவர் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது நீரஜ் சோப்ரா ஈட்டியை எறிந்தார். முதல் எறியே 88.77 மீட்டர். ஃபைனலுக்குப் போக 83 மீட்டர் போதும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாரிஸ் ஒலிம்பிக் டிக்கெட்டும் அதிலேயே உறுதி. "நான் அப்பளத்தைக்கூடத் தொடல, அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்பதுதான் தாத்தாவின் ஒரே வருத்தம்.

"இந்தப் பையன் 2019-ல முழங்கையில ஆபரேஷன் பண்ணி, அந்த வருஷ உலகப் போட்டிக்கே போக முடியல. போன வருஷம் வெள்ளி. இப்ப தங்கத்துக்கு நிக்கிறான். கூடவே மனு, கிஷோர் ஜெனான்னு இன்னும் ரெண்டு இந்தியர்கள் ஃபைனல்ல. நாளைக்கு ராத்திரி 11.45. மார்க் அப்புறம்தான். விடைத்தாள் வராம திருத்தக் கூடாது."

"நானும் முழிச்சிருப்பேன்" என்றான் பேரன், போர்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"மத்தியானம் தூங்கினாத்தான்" என்றார் பாட்டி.

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு தாத்தா நோட்டை முடித்துவைத்தார். இந்த வார மார்க் பட்டியல் இதுதான்:

தக்காளி - 35
காலை உணவு - 95
சந்திரயான்-3 - 100
சந்திரயான்-2 - 100
பிரக்ஞானந்தா - 99 (ஒரு மார்க் அடுத்த தடவைக்கு)
நீரஜ் - ரிசல்ட் நாளை
பேரன் - லிஸ்ட் போட்டதற்கு 80
போஸ்ட்மாஸ்டர் - 1996-ல் ஃபெயில். இந்த அட்டெம்ப்ட்டில் பாஸ்.