மாத்திரை வீடு தேடி வருகிறது. சரிபார்க்க யார் வருவார்?

ஏலாக்குறிச்சி போன்ற கொள்ளிடக்கரை ஊர்களில், நடமாட முடியாத பெரியவர்களின் தலைமாட்டைப் பாருங்கள். அரசு கொடுத்த மாத்திரை, தஞ்சாவூர் டாக்டர் எழுதியது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது, மகன் துபாயிலிருந்து கொடுத்தனுப்பியது என எல்லாம் ஒரே பையில் கிடக்கும். ஒவ்வொன்றும் அக்கறையோடு வந்ததுதான். மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தவர்தான் யாரும் இல்லை.

வளைகுடாவிலிருந்து வரும் பனடோலும் இங்கே வாங்கும் டோலோவும் ஒரே பாராசிட்டமால்தான். பெயர் வேறு என்பதால் இரண்டையும் விழுங்குகிறார்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போடுபவர் ரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சாப்பாடு குறைந்துபோன முதியவருக்கு கிளிபென்கிளமைடு பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். வீட்டில் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவோம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருந்தும் பிடிவாதமாக நோன்பு வைக்கும் அத்தாமார்கள் காலை மாத்திரையைத் தாமாகவே சஹருக்கு மாற்றிக்கொள்வதும் நாம் அறிந்ததே.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். படுக்கையில் கிடப்போருக்குச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார்கள். 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. ஆனால் வீட்டுக்கு வரும் குழுவில் மருந்தாளுநர் இல்லை. இத்தனைக்கும் 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறை விதிகள், மருந்து பற்றி நோயாளியிடமோ பராமரிப்பவரிடமோ பேசுவது மருந்தாளுநரின் கடமை என்கின்றன. நம் கடைகளில் பேச்சு சில்லறையோடு முடிந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் 2001 முதல் டாக்டர் பரிந்துரைத்தால் மருந்தாளுநர் வீட்டுக்கே வந்து எல்லா மருந்தையும் சரிபார்க்கிறார், கட்டணம் அரசுடையது. ஆனால் ஆளை அனுப்பினாலே போதும் என்று நாம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 80 வயது கடந்த 872 பேரிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. மருந்தாளுநர் வீட்டுக்குச் சென்ற பிரிவில் மருத்துவமனை அனுமதி குறையவில்லை, 30 சதவீதம் கூடியிருந்தது. மருந்தாளுநர் கண்டதை டாக்டர் பார்த்து, மருந்தை மாற்றி, அதன்பின்னும் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன்னார்வலரோடு படுக்கை நோயாளிகளின் வீட்டுக்குப் போகட்டும் என்பதே நம் கோரிக்கை. அதுவரை, அந்தப் பையை அப்படியே, வளைகுடா மாத்திரையையும் ஒளிக்காமல், டாக்டரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.